மூடிக்கு உள்பக்கம் ஈரம்

காகித ஆலையின் சோதனை அறையில் அவளுக்கு வைத்த பேர் சருகு. ஆள் ஒல்லி என்பதற்காக மட்டும் வைத்த பேர் இல்லை அது. பத்தொன்பது வருஷமாக அவள் பார்த்த வேலையே, காய்ந்ததா காயவில்லையா என்று சொல்வதுதான். பெரிய உருளையிலிருந்து ஒரு துண்டு காகிதம் வெட்டுவாள், எடை போடுவாள், சூட்டுப்பெட்டிக்குள் வைப்பாள், எடுத்து மறுபடி எடை போடுவாள். எவ்வளவு குறைந்ததோ அதுதான் உள்ளே இருந்த ஈரம். அளவுக்கு ஒரு இழை கூடினாலும் சரக்கு லாரி ஏறாது. ஒருமுறை, ஏற்றிக் கயிறு கட்டி முடித்த லாரியையே இறக்க வைத்தாள். மேஸ்திரி வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

"தொட்டுப் பாரும்மா, சலசலன்னு இருக்கு!"

"கை மேலதான் தொடும் மேஸ்திரி. தராசு உள்ளே தொடும்" என்றாள். அன்றிலிருந்து மேஸ்திரி அவளைக் கண்டால் வேறு வழியாகச் சுற்றிப் போவார்.

வீட்டிலும் அதே கதைதான். அவள் கணவர் தொலைதூரப் பேருந்து ஓட்டுபவர். நாலு நாள் வண்டியில், ரெண்டு நாள் வீட்டில். வழியோரக் கடைச் சாப்பாடு அவர் வயிற்றைப் புண்ணாக்கியிருந்தது. அதற்கு ஒரு வழி பண்ணத்தான் சருகு காயவைக்கத் தொடங்கினாள். சோற்றை ஆக்கிக் காயவைத்தாள். கேரட்டையும் பீன்ஸையும் உருளைக்கிழங்கையும் சின்னச் சின்னதாக நறுக்கி, அரை வேக்காட்டில் எடுத்து, விசிறி பொருத்திய மரப்பெட்டிக்குள் வலைத்தட்டில் பரப்பினாள். காய்ந்ததும் கண்ணாடி ஜாடியில் அடைத்தாள். கணவர் கிளம்பும்போது ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம். பணிமனையில் பிளாஸ்க் வெந்நீரை ஊற்றி மூடி வைத்தால், அவர் கைகால் கழுவி வருவதற்குள் சாப்பாடு ஊறிப் பொதபொதவென்று ஆகியிருக்கும்.

நடையில் சுவர் நீளத்துக்கு அலமாரி. அதில் முப்பத்தெட்டு ஜாடிகள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு: அடைத்த தேதி, காயும் முன் எடை, காய்ந்த பின் எடை, ஒரு கைப்பிடிக்கு எவ்வளவு தண்ணீர், எத்தனை நிமிஷம். அடைத்த முதல் ஒரு வாரம் ஒவ்வொரு ஜாடியையும் தினமும் குலுக்கிப் பார்ப்பாள். துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டினாலோ, கண்ணாடியில் ஆவி படிந்தாலோ, திரும்பவும் பெட்டிக்குத்தான் போகும்.

கூடவே இருந்த நாத்தனாருக்கு இதெல்லாம் வேடிக்கை. அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். "அண்ணி, இருக்கிற தண்ணியை எடுக்கறதுக்கு ரெண்டு நாள், எடுத்த தண்ணியைத் திருப்பி ஊத்தறதுக்கு அரை மணி. இதுக்கு அந்தக் கேரட்டைச் சும்மாவே விட்டிருக்கலாமே!" என்பாள். சொல்லிவிட்டு அவளே அலமாரியில் காய்ந்த ஆப்பிள் வில்லைகளை அள்ளிக்கொண்டு போவாள்.

அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. சோதனை அறையில் கூட இருந்தவள் பிரசவ விடுப்பில் போய்விட, சருகுக்கு ரெட்டை வேலை. அந்த வாரத்தில்தான் அவள் பெரிய ஜாடியை நிரப்பினாள். ஐந்து லிட்டர் ஜாடி, காய்க் கலவை. வழக்கமாக இதமான சூட்டில் ரெண்டு நாள் காயவேண்டியதை, பெட்டியின் சூட்டைக் கூட்டி ஒரே நாளில் முடித்தாள். தொட்டுப் பார்த்தாள், சலசலவென்றுதான் இருந்தது. தராசை எடுக்க அலுப்பு. நாளைக்குப் போடலாம் என்று வைத்தாள். அந்த நாளை வரவேயில்லை. சீட்டில் தேதி மட்டும் இருந்தது. அதிலிருந்து மூன்று பொட்டலம் கட்டிக் கணவர் பையில் வைத்து அனுப்பினாள்.

அவர் கிளம்பிய மறுநாள் ஆற்றங்கரை உடைந்தது.

அன்று அவளுக்கு வார விடுப்பு. பகல் பதினொரு மணி இருக்கும். தெருமுனையில் ஏதோ பளபளவென்று தெரிகிறதே என்று பார்த்தாள். கொடியிலிருந்து துணியை எடுத்து முடிப்பதற்குள் தண்ணீர் கீழ்வீட்டு வாசலைத் தொட்டுவிட்டது. கீழ்வீட்டில் இருந்தவர் ஒரு வெல்டர், அவர் மனைவி, எட்டு வயசு மகள். மூவரும் படியேறி ஓடிவந்தார்கள். வெல்டருக்கு அவசரத்தில் கைக்குக் கிடைத்தது பற்றவைக்கும்போது போடுகிற முகமூடி ஒன்றுதான். அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்து நாத்தனார் அந்த நேரத்திலும் சிரித்துவிட்டாள். மேல்வீட்டில் தனியாக இருந்த ஓய்வுபெற்ற கோர்ட்டு கிளார்க்கும் இறங்கி வந்தார். மொத்தம் ஆறு பேர்.

"சாப்பாட்டுக்குக் கவலையில்லை" என்று சருகு அலமாரியைக் காட்டினாள். அப்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. இல்லை என்று சொல்லமுடியாது.

சாயங்காலம் சமையலறைக் குழாயைத் திறந்தாள். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. மொட்டை மாடித் தொட்டி காலையில்தான் நிரம்பி வழிந்தது. எப்படி?

வெல்டரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். "அக்கா… நான் வாளிக்குத் தண்ணி பிடிச்சிட்டிருந்தேன். வெள்ளம் வந்ததும் அப்படியே ஓடிவந்துட்டேன். குழாயை மூடவே இல்ல."

வெள்ளத்துக்கு அடியில் அந்தக் குழாய் திறந்தே கிடந்து, தொட்டியின் நல்ல தண்ணீர் முழுவதும் சாக்கடைத் தண்ணீரோடு கலந்து போயிருந்தது. வெல்டர் மனைவியை அடிக்கக் கை ஓங்கினார். கிளார்க் குறுக்கே வந்தார். "விடுங்க. தலைக்கு மேல வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன" என்றார். வெல்டர் கையைத் தாழ்த்தினார், முகத்தைத் தாழ்த்தவில்லை.

தொட்டியின் அடியில் தங்கியிருந்ததை முகந்து, ரெண்டு வீட்டுப் பானை, குடம், பிளாஸ்க் எல்லாவற்றையும் சேர்த்து அளந்தார்கள். ஐம்பத்தெட்டு லிட்டர். மழையும் அன்று பார்த்து நின்றுவிட்டது. வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். அதில் எண்ணெய்ப் படலம், செத்த கோழி, யாரோ வீட்டுக் கதவு. கைப்பேசியில் சிக்னலே இல்லை. கணவர் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை.

முதல் சண்டை அடுத்த நாள் காலையில் வந்தது.

"இருக்கிற தண்ணியைக் குடிக்கத்தான் வச்சுக்கணும்" என்றார் கிளார்க். "சமையலுக்குச் செலவழிச்சா நாளைக்கு நாக்குதான் வறளும். காஞ்சதை அப்படியே மென்னு தின்னலாம்."

சருகு தலையை ஆட்டினாள். "இல்ல சார். காஞ்சதைக் காஞ்சபடியே தின்னா அது வயித்துக்குள்ள போய் ஊறும். அதுக்கு வேண்டிய தண்ணியை நம்ம உடம்புதான் கொடுக்கணும். நாமளே ஊறவச்சுத் தின்னா, அந்தத் தண்ணியும் நமக்குள்ளதானே போகுது? ஒரு சொட்டுகூட வீணில்ல. ஊறவச்ச தண்ணியைக் கீழ கொட்டாம, அதையும் குடிச்சிடணும். அவ்வளவுதான்."

வெல்டர் நம்பவில்லை. ரெண்டு கை நிறைய உருளை வில்லைகளை வாயில் போட்டு மென்றார். மதியத்துக்குள் உதடு வெடித்து, தன் பங்குத் தண்ணீரைக் குடித்து, மகளுடைய பங்கையும் பார்க்கத் தொடங்கினார். அதன் பிறகு அவர் வாதாடவில்லை.

சருகு ஒரு நாளைக்கு ஆளுக்கு ரெண்டு லிட்டர் என்று வகுத்தாள், சாப்பாட்டில் ஊறுவதும் சேர்த்து. பீன்ஸை வெந்நீரில் போட்டு மூடிப் போர்வையில் சுற்றி வைப்பாள், எரிவாயு மிச்சம். ஊறியதை உடனே சாப்பிடவேண்டும். நாத்தனார் ஒருமுறை, "மொத்தமா ஊறவச்சுட்டா ரெண்டு நாளைக்கு ஆகும்ல?" என்று கேட்டாள்.

"காஞ்சிருக்கிற வரைக்கும்தான் அது பத்திரம். ஈரம் பட்ட நிமிஷத்திலேர்ந்து சாதாரணச் சாப்பாடு. இந்தப் புழுக்கத்துல ரெண்டு மணி நேரம் தாங்காது" என்றாள் சருகு.

முப்பத்தெட்டு ஜாடி என்றால் கேட்க மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் முக்கால்வாசி ஜாடியில் கீரை, புதினா, மிளகாய், எலுமிச்சைத் தோல். வயிறு நிறைக்கிற சரக்கு எட்டு ஜாடிதான். மூன்றாம் நாள் காலையில் காய்ந்த சோறு தீரும் நிலைக்கு வந்தது. பரவாயில்லை, பெரிய ஜாடி இருக்கிறதே என்று எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அலமாரியின் அடித்தட்டில், கழுத்துவரை நிறைந்து, ஆரஞ்சும் பச்சையுமாக உட்கார்ந்திருந்தது அது. ஆறு பேருக்கு ரெண்டு நாள் தாராளமாக வரும்.

சருகு அதைத் தூக்கி மேசையில் வைத்தாள். மூடியைத் திருகும்போது விரலில் ஏதோ பிசுபிசுத்தது. கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தாள்.

மூடிக்கு உள்பக்கம் முத்து முத்தாக ஈரம்.

ஜாடியைச் சாய்த்தாள். துண்டுகள் உதிரவில்லை, கட்டியாகச் சரிந்தன. நடுவில் ஒரு இடத்தில், தூசி விழுந்தது போல, வெள்ளையாகப் பூத்திருந்தது. மழைக்காலத்து ஈரத்துணி வாசனை. அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. சூட்டைக் கூட்டியதில் மேல்தோல் சட்டென்று காய்ந்து இறுகிவிட்டது. உள்ஈரம் வெளியே வர வழியில்லை. ஜாடிக்குள் போன பிறகுதான் மெல்ல மெல்லக் கசிந்திருக்கிறது. தராசில் வைத்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

அவளுக்கு முதலில் பசி நினைவுக்கு வரவில்லை. இந்த ஆறு பேர்கூட நினைவுக்கு வரவில்லை. கணவரின் பையும், பையில் இருந்த மூன்று பொட்டலமும்தான் வந்தன. இதே ஜாடி. இதே கை.

"என்ன அக்கா?" என்றாள் வெல்டரின் மனைவி.

"இது கெட்டுப்போச்சு. தின்னக்கூடாது."

வெல்டர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "கொஞ்சம்தானே பூத்திருக்கு? அதை எடுத்துப் போட்டுட்டு மிச்சத்தை நல்லாக் கொதிக்க வச்சா ஆச்சு."

"பூத்திருக்கிறது கொஞ்சம்தான் தம்பி. வேர் எதுவரைக்கும் போயிருக்குன்னு கண்ணுக்குத் தெரியாது. சில பூஞ்சைல விஷம் இறங்கும். பூஞ்சை சாகும், விஷம் சாகாது. கொதிக்க வச்சாலும்."

"சில பூஞ்சைலதானே? இதுல இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாம ரெண்டு நாள் சாப்பாட்டைத் தூக்கிப் போடுவீங்களா?" வெல்டரின் கை ஜாடியின் கழுத்தைப் பிடித்தது. அவள் கையும் அதன் மேல்தான் இருந்தது. "உங்க அலமாரி, உங்க ராஜ்ஜியம்னு நாங்களும் மூணு நாளா வாயை மூடிக்கிட்டு இருக்கோம். நீங்க அளந்து ஊத்தறதைக் குடிக்கிறோம். அங்க பாருங்க என் பொண்ணை. சுருண்டு கிடக்கறா."

அந்தப் பெண் சோபாவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தாள். கண் திறந்துதான் இருந்தது. ஜாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

கிளார்க் தொண்டையைச் செருமினார். "அம்மா, கோவப்படாம சொல்லுங்க. இது எப்படிக் கெட்டது? மிச்ச ஜாடியெல்லாம் நல்லாத்தானே இருக்கு? நாங்க தின்ன மத்ததெல்லாம் சரியா?"

அந்தக் கேள்வியில் சந்தேகம் ஒளிந்திருந்தது. மூடி லூஸாக இருந்தது, யாரோ திறந்து வைத்துவிட்டார்கள் என்று சொல்ல அவளுக்கு வழி இருந்தது. நாத்தனார் அடிக்கடி ஜாடியைக் குடைகிறவள் என்பது எல்லோருக்கும் தெரியும். நாத்தனாரே பயந்துபோய் அவளைப் பார்த்தாள்.

"என் தப்பு" என்றாள் சருகு. "மத்ததெல்லாம் எடை பார்த்து அடைச்சது. இது ஒண்ணு மட்டும் பார்க்கல. அவசரப்பட்டேன். ஒரு வாரம் குலுக்கிப் பார்க்கணும், அதையும் செய்யல. பத்தொன்பது வருஷமா ஊருக்கெல்லாம் ஈரம் பார்த்துச் சொல்றவ, என் வீட்டு ஜாடியைப் பார்க்கல."

வெல்டரின் பிடி தளரவில்லை. "அப்போ உங்க தப்புக்கு நாங்க பட்டினியா?"

"ஆமா தம்பி. ஆனா பட்டினி ஒரு நாள் தாங்கும். இதைத் தின்னு வாந்தி பேதி ஆச்சுன்னா, ஊத்த ஏது தண்ணி? இருக்கிற நாற்பது லிட்டரும் ஒரே ராத்திரில போயிடும். முதல்ல போறது யாருன்னு உங்களுக்கே தெரியும்."

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு கணத்தில் கை நழுவியது. அவள் ஜாடியை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனாள். வீட்டுக்குள் வைத்திருந்தால் பசி யாரையும் சும்மா விடாது என்று அவளுக்குத் தெரியும். தன்னையும் சேர்த்துத்தான். கைப்பிடிச் சுவருக்கு வெளியே ஜாடியைக் கவிழ்த்து அடியில் ரெண்டு தட்டுத் தட்டினாள். ஆரஞ்சும் பச்சையும் வெள்ளத்தில் விழுந்து, கொஞ்ச நேரம் ஒரே இடத்தில் சுழன்று, பிறகு தெருவோடு போயின. பின்னால் வெல்டரின் மனைவி விசும்புவது கேட்டது. வெல்டர் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். யாரும் அவரைத் தடுக்கவில்லை.

அதன் பிறகு ரெண்டு நாள் எப்படிப் போயிற்று என்பதை அவள் யாரிடமும் விரிவாகச் சொன்னதில்லை. மிச்சச் சோற்றைத் தக்காளித் தூளோடு நீர்க்கக் கரைத்து, முதலில் சின்னப் பெண்ணுக்கு, பிறகு மற்றவர்களுக்கு. காளானை ஊறவைத்த தண்ணீரில் உப்பைப் போட்டு ஆளுக்கு அரை டம்ளர். நாத்தனார் ஜோக்கே அடிக்கவில்லை. அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து, தானாகவே மிச்ச ஜாடிகளை ஒவ்வொன்றாகக் குலுக்கி, மூடியைக் கவிழ்த்துக் காட்டினாள். வெல்டர் சருகோடு பேசவில்லை. அவள் நீட்டிய டம்ளரை மனைவி வாங்கி அவரிடம் கொடுக்கவேண்டியிருந்தது. இத்தனைக்கும் நடுவில் அவள் மனசு ஒரே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தது: கிளம்பி ஐந்து நாள். மூன்று பொட்டலம். எத்தனை தின்றிருப்பார்? எந்த நாளில்?

ஐந்தாம் நாள் காலை மோட்டார் சத்தம் கேட்டது. படகில் தண்ணீர்க் கேன்கள், ரொட்டி, மூன்று தொண்டர்கள். அவர்களுக்கு நடுவில், யாருடையதோ தொளதொள சட்டையில், அவள் கணவர். படிக்கட்டில் இறங்கி முழங்கால் தண்ணீரில் நின்று அவரைக் கையைப் பிடித்து ஏற்றினாள். கை எலும்பாக இருந்தது.

"நல்லா இருக்கீங்களா" என்றுகூடக் கேட்கவில்லை. "பொட்டலம் சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"ம். சாப்பிட்டேனே. நல்லா இருந்துச்சு" என்றார், கொஞ்சம் வேகமாகவே.

"மூணுமா?"

"ரெண்டு."

"ரெண்டாவது எப்படி இருந்துச்சு?"

"உன் கைப்பக்குவத்துக்கு என்ன குறை… முதல்ல மேல போலாம் வா."

படகிலிருந்து தொண்டர் ஒருவர் கூப்பிட்டார். "டிரைவர் சார்! மாத்திரையை விட்டுட்டுப் போறீங்களே. இன்னும் மூணு நாளைக்குப் போடணும்னு டாக்டர் சொன்னாருல்ல?"

அட்டை மாத்திரை கைமாறி வந்தது. அதை வாங்கியது தண்ணீர்க் கேன் இறக்கிக்கொண்டிருந்த வெல்டர். அவர் அதைப் பார்த்தார், சருகைப் பார்த்தார். அவள் கையில் வைத்துவிட்டு, கேனைத் தோளில் ஏற்றிக்கொண்டு மேலே போனார்.

படிக்கட்டிலேயே உட்கார்ந்துதான் கணவர் சொன்னார். முதல் பொட்டலம் நன்றாகத்தான் இருந்தது. ரெண்டாவதை மூன்றாம் நாள் பிரித்தார். வெந்நீர் ஊற்றியதும் ஒரு வாடை. ஈரத்துணி வாடை. சாப்பிட்டார். அன்று சாயங்காலம் வாந்தி பேதி தொடங்கியது, ரெண்டு நாள் பணிமனை பெஞ்சிலேயே கிடந்தார். ஊசி, சொட்டு மருந்து எல்லாம் ஆயிற்று.

"வாடை தெரிஞ்சுமா சாப்பிட்டீங்க?"

"நீ கட்டிக் கொடுத்ததாச்சே. உன்கிட்ட கெட்டது வராதுன்னு நினைச்சேன்" என்றார். "என் மூக்குதான் பொய் சொல்லுதுன்னு நினைச்சுக்கிட்டேன்."

ஐந்து நாளும் கலங்காத கண் அப்போதுதான் கலங்கியது. "நான் எடை பார்க்கலைங்க" என்றாள். அவர் ஏதோ சமாதானம் சொன்னார். அது அவள் காதில் ஏறவில்லை.

தண்ணீர் வடிந்து, வீடு கழுவி, ஆலை திறந்த பிறகும் அவள் காயவைப்பதை விடவில்லை. மிச்சமிருந்த ஜாடி எல்லாவற்றையும் மேசையில் கொட்டி, ஒன்று விடாமல் எடை போட்டாள். மூன்றைத் தூக்கி எறிந்தாள். அவற்றில் குறை ஒன்றும் இல்லை, சீட்டில் எழுத்து மங்கியிருந்தது, அவ்வளவுதான். வெல்டர் குடும்பம் ரெண்டு மாசத்தில் வேறு தெருவுக்குப் போய்விட்டது. அவர் மனைவி எங்காவது பார்த்தால் நின்று பேசுவாள். அவர் தலையை மட்டும் அசைப்பார். அந்த அசைவு மன்னிப்பா, மரியாதையா, வெறும் பழக்கமா என்று அவளுக்குத் தெரியாது. அவளும் கேட்டதில்லை.

கணவர் இப்போதும் பொட்டலம் எடுத்துக்கொண்டுதான் போகிறார். ஆனால் கிளம்பும் முன் ஒவ்வொன்றையும் அவள் கண்ணெதிரிலேயே பிரித்து முகர்ந்து பார்ப்பார். அவள் முகம் சுளிப்பதில்லை. அவர் முகர்ந்து முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நிற்பாள்.